ஸ்டெல்லாவின் லைனில் தப்பே வராது

புதிதாக டீம் கையில் வந்திருக்கும் உங்களில் பலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "மேடம், வேலையில ஆளை அடிச்சிக்க முடியாது. ஆனா கூட வேலை செய்றவங்க யாருக்கும் நிம்மதி இல்ல. இவங்களை என்ன பண்றது?" கேட்கும்போதே பாதிப் பேர் மனதில் ஒரு முடிவோடுதான் வருகிறீர்கள். சிலருக்கு அந்த ஆளை அனுப்பிவிட வேண்டும். சிலருக்கு, அவர் கொண்டுவரும் நம்பருக்காகக் கண்ணை மூடிக்கொள்ள என் அனுமதி வேண்டும். இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்டெல்லாவின் கதைதான். அதைச் சொல்கிறேன்.

வல்லம் வடகாலில் எங்கள் ஆலை. காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டாகக் கட்டி, முனைகளில் கனெக்டர் மாட்டி, கார் கம்பெனிக்கு அனுப்புவது வேலை. மெஷின் கொஞ்சம், விரல்கள்தான் அதிகம். லைனில் பெரும்பாலும் பெண்கள். பாதிப் பேர் சுற்றுவட்டாரத்துக்காரர்கள். மீதிப் பேர் தெற்கு மாவட்டங்களில் இருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருப்பவர்கள்.

நான் அங்கே புரொடக்‌ஷன் மேனேஜராகச் சேர்ந்தபோது, எனக்கு முன்னால் இருந்தவர் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பும் நேரத்தில் கதவருகே நின்று சொன்னார்: "எதை வேணா மாத்துங்க மேடம். ஸ்டெல்லாவை மட்டும் தொடாதீங்க. ரெண்டாவது லைன்ல தப்பே வராது. அதுக்குக் காரணம் அவதான்."

ஸ்டெல்லா இரண்டாவது லைனின் லீடர். தண்டலத்தைத் தாண்டி உள்ளே போகிற ஒரு கிராமம். அப்பா ஊர் மாதா கோவிலில் உபதேசியார். பிளஸ் டூ முடித்த கையோடு ஆபரேட்டராக வந்து, வேலையிலேயே வளர்ந்து லீடரானவள். ஒயரின் முனை கனெக்டருக்குள் சரியாக உட்கார்ந்தால் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அத்தனை இரைச்சலுக்கு நடுவில் நடந்து போகும்போது, ஏதோ ஒரு மேஜையில் அந்தச் சத்தம் வராமல் போனால் அவள் திரும்பிப் பார்ப்பாள். நானே பலமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன். ஷிப்ட் தொடங்கும் முன்பே வந்து ஒயர்களைப் பரப்பிக் கட்டும் ஒவ்வொரு போர்டையும் தொட்டுப் பார்ப்பாள். யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் அந்த இடத்தில் தானே நின்று கட்டுவாள்.

திரும்பிப் பார்த்த பிறகு என்ன நடக்கும் என்பதுதான் பிரச்சினை.

"இது இன்னா கையா, கரண்டியா?" என்பாள், லைன் முழுக்கக் கேட்கும்படி. "ஊர்லயே இருந்திருக்க வேண்டியதுதான? இங்க வந்து எங்க உயிர இன்னாத்துக்கு வாங்குற?" புதிதாக வந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு வேலையைத் தொடருவார்கள். இடைவேளையில் பாத்ரூமில் அழுவார்கள். கொஞ்ச நாளில் ஹாஸ்டல் அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறிவிடுவார்கள். ஹெச்.ஆர். மேனேஜர் ஒருநாள் என் அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். "நான் முன்வாசல்ல ஆள் எடுக்கறேன் மேடம், அவங்க பின்வாசல்ல அனுப்பறாங்க. ஒண்ணு அவங்களை ஸ்டோர்ஸுக்கு மாத்துங்க, இல்ல வெளியே அனுப்புங்க" என்றார். அவர் கோபம் நியாயமானது.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கூப்பிட்டு உட்கார வைத்து, "கொஞ்சம் பொறுமையா பேசு ஸ்டெல்லா" என்றேன்.

"பொறுமையா பேசினா ஒயர் தானா போயி உக்காந்துக்குமா மேடம்?"

கிண்டலாக அவள் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். 'கொஞ்சம் பொறுமையாக' என்ற பேச்சில் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது என்பது அப்போது புரிந்தது. எங்கே, எப்போது, எந்தச் சொல்லுக்குப் பதில் எந்தச் சொல் என்று எதுவும் அதில் இல்லை. நீங்களும் யாரிடமாவது "ஆட்டிட்யூட் மாத்திக்கோங்க" என்று சொல்லியிருந்தால், கேட்டவர் வெளியே போய் என்ன செய்ய வேண்டும் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

அதன் பிறகு சில வாரங்கள் நான் எதுவும் சொல்லவில்லை. லைன் ஓரத்தில் நின்று பார்த்தேன். டீ நேரத்தில் அவளோடு பேசினேன். அப்படிப் பேசும்போதுதான் அவளுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தது. சூப்பர்வைசர் பதவி. ஒவ்வொரு தடவையும் இன்டர்வியூவுக்குப் போயிருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்திருக்கிறாள். பழைய ஃபைலைப் பார்த்தேன், இன்டர்வியூ பேனலில் இருந்தவர்களிடமும் கேட்டேன். காரணம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவளிடம் சொன்னவர் ஒருவரும் இல்லை.

ஒருநாள் ஷிப்ட் முடிந்ததும் அவளை டிரெய்னிங் ரூமுக்கு வரச் சொன்னேன்.

"சூப்பர்வைசர் போஸ்ட் ஏன் வரலைன்னு உனக்குத் தெரியுமா?"

"டிகிரி இல்லன்னாங்க. அப்பறம் வேகன்சி இல்லன்னாங்க. போன தபா, அடுத்த வருஷம் பாக்கலாம்னாங்க."

"டிகிரி இல்லாத சூப்பர்வைசர் இங்கயே இருக்காங்க ஸ்டெல்லா. காரணம் அது இல்ல. உன்கிட்ட வர்ற புதுப் பொண்ணுங்க நிக்கறது இல்ல. இன்னும் பெரிய கூட்டத்தை உன் கையில கொடுக்கப் பயப்படறாங்க. அதை உன் முகத்துக்கு நேரா சொன்னா நீ கோச்சுக்கிட்டுப் போயிடுவ, லைன் நின்னுடும்னு வேற வேற காரணம் சொல்லியிருக்காங்க."

அவள் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது."

"ஆமா."

"தெரிஞ்சிக்கினே என்கிட்ட வேலை வாங்கிக்கினாங்க."

"ஆமா" என்றேன். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அது பொய்யாக இருந்திருக்கும்.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். மறுநாள் வேலைக்கு வரவில்லை. போனும் எடுக்கவில்லை. நான் பயந்துதான் போனேன். ஒரகடத்தில் அவளைப் போன்ற ஒருத்தியை வாசலில் இருந்தே அழைத்துக்கொள்ள எத்தனையோ ஆலைகள் இருக்கின்றன. புது மாடலுக்கான வேலை தொடங்கியிருந்த சமயம் வேறு. ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று தோன்றவில்லை. ஒருவருடைய திறமை நமக்குத் தேவை என்பதற்காக அவரைப் பற்றிய உண்மையை அவரிடமே மறைத்து வைப்பது எந்த வகையில் மரியாதை?

அதற்கடுத்த நாள் காலையில் அவள் என் அறை வாசலில் நின்றாள். பேக்கைக்கூட இன்னும் லாக்கரில் வைக்கவில்லை.

"இன்னா பண்ணணும்னு சொல்லுங்க மேடம். பொதுவா சொல்லாதீங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அத பண்றேன்."

என் வேலைக்காலத்தில் யாரும் எனக்கு இதைவிட நல்ல வார்த்தை சொன்னதில்லை. இன்றும் அதற்காக அவளுக்கு நன்றி சொல்கிறேன்.

யோசித்து ஒன்றைச் சொன்னேன். புதுப் பெண் தப்பு செய்தால் அதை மற்றவர்கள் முன்னால் பேசக் கூடாது. ஓரமாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும்.

"லைன நிறுத்தணும்னா?"

"நிறுத்து. அதுக்கு சுவிட்ச் இருக்கு, வாய் எதுக்கு?"

அவள் உதட்டோரத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. நிச்சயமாகச் சொல்ல முடியாது.

முயற்சி செய்தாள். எளிதாக இல்லை. சனிக்கிழமைதோறும் பத்து நிமிஷம் பேசுவோம். "இன்னிக்கு வாய விட்டுட்டேன் மேடம்" என்று அவளே வந்து ஆரம்பிப்பாள். எப்போது, யாரிடம், அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று மட்டும் கேட்பேன். பெரும்பாலும் புது மாடலுக்காகக் கார் கம்பெனி ஆட்கள் வந்து பார்க்கும் நாளாகவோ, ஆள் குறைவான நாளாகவோ இருக்கும். அது அவளுக்கே தெரிய ஆரம்பித்தது. திட்டு குறைந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மதியம் கேன்டீனில் இருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். தண்ணீர்க் குழாய் பக்கத்தில் பேச்சியம்மாள் நின்றிருந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். ஸ்டெல்லாவின் லைனில் புதிதாகச் சேர்ந்தவள். எல்லோரும் பேச்சி என்றுதான் கூப்பிடுவோம். என்னைப் பார்த்ததும் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே அருகில் வந்தாள்.

"மேடம், ஒரு தப்பு நடந்துட்டு."

"சொல்லும்மா."

"காலைல டீக்கு முன்னால ஒரு ஒயர் முனை சரியா உள்ள போகல. நுனி வளைஞ்சிட்டு. நகத்த வச்சு அமுக்கி விட்டுட்டேன். டெஸ்ட்ல பச்சை லைட் எரிஞ்சிட்டு. பொட்டிக்குள்ள போயிட்டு. எந்தப் பொட்டின்னு தெரியல."

"எந்த ஒயர்?"

"பிரேக் லைட்டுக்குப் போறது."

முனை முழுதாகப் பூட்டிக்கொள்ளாவிட்டாலும் தொட்டுக்கொண்டிருந்தால் போதும், டெஸ்டில் கரண்ட் ஓடும், பச்சை விளக்கு எரியும். கார் ரோட்டில் குலுங்கிக் குலுங்கி ஓட, என்றோ ஒருநாள் அது நழுவி வெளியே வரும். பின்னால் வருகிறவனுக்கு முன்னால் போகிற கார் பிரேக் போட்டது தெரியாது. இதெல்லாம் பயிற்சியில் பேச்சிக்குச் சொல்லித் தந்ததுதான். அதனால்தான் சாப்பிடாமல் அங்கே நின்றிருந்தாள்.

"ஸ்டெல்லாகிட்ட ஏன் சொல்லல?"

"அக்கா ஏசுவாவ."

"இப்பல்லாம் ஏசறது இல்லையே?"

"ஏசல மேடம். ஆனா மொகத்தப் பாத்தா, எப்ப ஏசப் போறாவளோன்னு இருக்கு."

அந்தப் பெட்டி இருந்த லோடு ஏற்கெனவே லாரியில் ஏறி, கேட்டில் பேப்பர் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் செக்யூரிட்டிக்குப் போன் செய்து லாரியை நிறுத்தச் சொன்னேன். அடுத்து பிளான்ட் ஹெட்டைக் கூப்பிட்டேன். கார் கம்பெனி ஸ்டாக் வைத்துக்கொள்வதில்லை. எங்கள் லாரி தாமதமானால் அவர்கள் லைன் நிற்கும், அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

"டெஸ்ட்ல பாஸ் ஆயிடுச்சு இல்ல?" என்றார். "ஒரு டிரெய்னி பொண்ணு சந்தேகப்பட்டதுக்கு லோடை நிறுத்தறதா? அனுப்புங்க. அங்க நம்ம ஆளை வெச்சு செக் பண்ணிக்கலாம்."

"அங்க நாம செக் பண்ண ஆரம்பிக்கறதுக்குள்ள அது கார்ல ஏறிடும் சார். நான் நிறுத்திட்டேன். கஸ்டமர்கிட்ட நானே பேசறேன்."

"உங்க பொறுப்பு" என்றார்.

"என் பொறுப்புதான் சார்."

கஸ்டமரிடம் பேசினேன். அவர்கள் சொன்னதை இங்கே எழுத வேண்டாம். இருந்தாலும் உண்மையைச் சொல்லிவிட்ட பிறகு திட்டு வாங்குவது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

அடுத்து ஸ்டெல்லா. பேச்சியை அப்படியே அவளிடம் அனுப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. பெயரை மறைத்தால் தப்பைக் கண்டுபிடிக்க முடியாது. எந்த மேஜை, எந்த நேரம் என்று தெரிந்தால்தான் தேட முடியும். அதனால் முதலில் ஸ்டெல்லாவை மட்டும் டிரெய்னிங் ரூமுக்கு அழைத்து நடந்ததைச் சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்துப் பயந்துதான் அந்தப் பெண் சொல்லவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

"என் லைன்லயா?" என்றாள். "யாரு?"

"சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். நீ போய் அவகிட்ட முதல்ல என்ன கேப்ப?"

"ஏன்டி சொல்லலன்னு கேப்பேன்."

"கேட்டா?"

வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே லாரி ஓரமாக ஒதுங்கி நிற்பது தெரிந்தது.

"அழுவா. அழுதுக்கினு இருந்தா எந்த நேரத்துல கட்டினான்னு ஞாபகம் வராது."

"அப்போ?"

"எப்படி வளைஞ்சதுன்னு கேக்கறேன். கையில காட்டச் சொல்றேன்."

பேச்சியின் பெயரைச் சொன்னேன்.

இரண்டு பேரும் லைனுக்குப் போனோம். ஸ்டெல்லா வருவதைப் பார்த்ததும் பேச்சி எழுந்து நின்றுவிட்டாள். மற்றவர்கள் கை தானாக வேலை செய்தாலும் காதெல்லாம் இங்கேதான். ஸ்டெல்லா, "ஏன்—" என்று ஆரம்பித்தாள். அந்தச் சொல்லோடு நிறுத்திக்கொண்டாள். பக்கத்தில் இருந்த ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். லைன் நேரத்தில் ஸ்டெல்லா உட்கார்ந்து அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"உக்காரு. சொன்னியே, அது நல்லது. எப்படி வளைஞ்சிதுன்னு காட்டு."

பேச்சி ஒரு முனையை எடுத்து, நகத்தால் அமுக்கிக் காட்டினாள். ஸ்டெல்லா அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். நகம் பட்டால் பிளாஸ்டிக்கில் எங்கே தடம் விழும் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. எதைத் தேட வேண்டும் என்பது கிடைத்துவிட்டது. பிறகு அவளுடைய மூளை எப்போதும் போல ஓட ஆரம்பித்தது.

"மேடம், இந்த லோடுல நேத்து கட்டின பொட்டியும் கீது. அதுல பிரச்சினை இல்ல. அத ஒரு சின்ன வண்டில இப்பவே அனுப்பிடுங்க. அவங்க லைன் நிக்காது. அதுக்குள்ள இன்னிக்குக் கட்டினத நாங்க பிரிச்சிடறோம்."

எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய யோசனை அது. அவளுக்குத்தான் தோன்றியது. சின்ன வண்டி கிளம்பியது. லைனை நிறுத்திவிட்டு எல்லோரும் பெட்டிகளைப் பிரிக்கத் தரையில் உட்கார்ந்தோம். நானும் உட்கார்ந்தேன்.

அப்போது நடந்ததுதான் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பெட்டிகள் பிரிந்துகொண்டிருக்கும்போது இன்னொரு பெண் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, இன்னிக்கு நான் கட்டினதுல ஒரு கிளிப் ஒடஞ்சிது. கீழ கெடந்த வேற கிளிப்ப எடுத்து மாட்டிட்டேன்." ஸ்டெல்லா நிமிர்ந்து பார்த்தாள். "எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு அதையும் தேடச் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து மற்றொருத்தி, தன் போர்டில் ஒயரைப் பிடித்து நிறுத்தும் ஒரு ஊசி ஆடுகிறது என்றாள். பிறகு, அந்த லைனிலேயே அதிக நாள் வேலை செய்கிற ஒரு பெண், ஸ்டெல்லாவின் சம வயதுக்காரி, தலையைத் தூக்காமல் சொன்னாள்: "எனக்கு நீலத்துக்கும் ஊதாவுக்கும் வித்தியாசம் சரியா தெரியறதில்ல ஸ்டெல்லா. டெஸ்ட்ல திரும்பி வரும். சத்தம் போடாம மாத்திடுவேன்."

"எவ்ளோ நாளா?"

"ரொம்ப நாளா."

ஸ்டெல்லாவின் கை அப்படியே நின்றது. தன் லைனில் தப்பே வராது என்று ஊரெல்லாம் சொன்னதை அவளும் நம்பியிருந்தாள். தினமும் தன் முதுகுக்குப் பின்னால் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது அந்தத் தரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. அழுதுவிடுவாளோ என்று நினைத்தேன். அவள் அழவில்லை. "நாளைலேர்ந்து உனக்கு அந்த ஒயர் இல்லாத எடமா பாத்துத் தரேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த பெட்டியை இழுத்தாள்.

வளைந்த முனையைக் கண்டுபிடித்தது பேச்சிதான். நகத் தடத்தை வைத்தே கண்டுபிடித்தாள். ஸ்டெல்லாவிடம் நீட்டினாள். ஸ்டெல்லா அந்த ஒயரை இரண்டு விரலால் லேசாக இழுத்தாள். கையோடு வந்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் லாரி கிளம்பியது. கஸ்டமர் லைன் நிற்கவில்லை.

அடுத்த மாதம் இரண்டாவது லைனில் பதிவான தப்புகளின் கணக்கு ஏறியது. பெண்கள் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள், அதனால் ஏறியது. மாதாந்திரக் கூட்டத்தில் பிளான்ட் ஹெட் அந்தக் கணக்கின் வரைபடத்தைத் திரையில் காட்டி, "என்ன ஆச்சு? ஸ்டெல்லா, உங்க லைன்ல தப்பே வராதே?" என்றார். பதில் சொல்ல நான் தயாராகத்தான் போயிருந்தேன். அதற்குள் ஸ்டெல்லா எழுந்துவிட்டாள்.

"வந்துக்கினுதான் சார் இருந்திச்சு. என்கிட்ட சொல்ல பயந்தாங்க. இப்போ சொல்றாங்க. இந்த மாசம் இன்னும் ஏறும்."

நல்ல நம்பருக்காகவே பேர் வாங்கியவள், நம்பர் இன்னும் மோசமாகும் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறாள். அதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். பிளான்ட் ஹெட் "ஏறட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். அன்று லாரியை நிறுத்தியதற்கு என்னிடம் கோபப்பட்ட அவர்தான், அடுத்த இன்டர்வியூவில் ஸ்டெல்லாவை சூப்பர்வைசராக்கும் முடிவில் முதல் ஆளாகக் கையெழுத்து போட்டார். அவருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும்.

ஏறிய கணக்கு பிறகு மெதுவாக இறங்கியது. இந்தத் தடவை அது நிஜமாகவே இறங்கியது. புதுப் பெண்கள் வேலையில் நிலைத்தார்கள். ஹெச்.ஆர். மேனேஜர் அடுத்த பேட்சை யாரும் கேட்காமலேயே ஸ்டெல்லாவிடம் கொடுத்தார். அதற்காக ஸ்டெல்லா சாதுவாக மாறிவிட்டாள் என்று நினைக்காதீர்கள். நான் ஓய்வு பெற்ற மாதம்கூட, நான் ஒப்புதல் கொடுத்த மேஜை வரிசை தப்பு என்று என்னிடம் சண்டை போட்டாள். அவள் சொன்னது சரி. அந்தக் கூர்மை போய்விட்டால் அவள் ஸ்டெல்லாவாக இருக்க மாட்டாள். அதை அவளிடமிருந்து எடுத்துவிட வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

பேச்சி இன்று அதே ஆலையில் புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். அன்று மதியம் அவள் என்னிடம் வராமல் இருந்திருக்கலாம். சாயங்காலம் பஸ் ஏறி ஹாஸ்டலுக்குப் போயிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. பச்சை விளக்கு எரிந்துவிட்டது, பெட்டி மூடியாகிவிட்டது. பயந்துகொண்டே வந்து நின்றாள். அவள் வந்ததால்தான் ஸ்டெல்லாவுக்கும் எனக்கும் எங்கள் வேலை என்ன என்று புரிந்தது.

குன்றத்தூரில் என் வீட்டுக்குப் போகும் சாலையில் சாயங்காலம் வண்டி நெரிசல் அதிகம். முன்னால் போகிற கார் பிரேக் போட்டால் சிவப்பு விளக்கு எரிகிறது. பின்னால் வருகிறவர்கள் கால் தானாக பிரேக்கை மிதிக்கிறது. யாரும் அதை நினைத்துப் பார்ப்பதில்லை, நினைக்க வேண்டிய அவசியமும் இல்லை. எனக்கு மட்டும் சில நாள் அந்த இரண்டு பெண்களின் விரல்கள் ஞாபகத்துக்கு வரும்.